தள்ளினீர்களா, இழுத்தீர்களா?

மேடையில் அமர்ந்திருக்கும் வழக்கறிஞர் சங்கத் தலைவர் அவர்களே, அகதிகள் தீர்ப்பாயத்தின் இந்நாள், முன்னாள் உறுப்பினர்களே, அக்காவின் கணவர் அவர்களே, அவர் மகளே, அக்காவிடம் திட்டு வாங்கிய பேறு பெற்ற இளம் வழக்கறிஞர்களே, மூன்றாவது வரிசையில் இரண்டு பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் தங்கையே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். முன்வரிசையின் நடு நாற்காலியில் அமர்ந்திருக்கும் குடியேற்றத் துறை வெளியேற்றப் பிரிவின் இயக்குநர் அவர்களே, உங்களுக்கும் வணக்கம். உங்களைக் கடைசியில் சொன்னது மறதியினால் அல்ல. நான் சொல்லப் போவதில் பெரும்பகுதி உங்களுக்கானது என்பதால் தனியாகச் சொன்னேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் மறைந்த நம் அக்காவை அன்பின் வடிவம் என்றார்கள். பொறுமையின் இருப்பிடம் என்றார்கள். ஒருவர் மன்னிக்கும் மனம் என்றார். நான் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். தவறான கூட்டத்துக்கு வந்துவிட்டேனோ என்று வாசலில் வைத்திருக்கும் படத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். படம் அவருடையதுதான்.

பெரியோர்களே, இருபது வருஷத்துக்கு மேல் ஒரே அறையில் அவருக்கு எதிர் மேசையில் உட்கார்ந்தவன் நான். எனக்கும் நரைத்துவிட்டது. ஆனாலும் கடைசிவரை அவருக்கு நான் தம்பி, எனக்கு அவர் அக்கா. அந்த உரிமையில் சொல்கிறேன். அக்கா யாரையும் மன்னித்ததில்லை. எதையும் மறந்ததில்லை. கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டு மாமா ஒருவர், "பொண்ணு ரொம்பப் பேசும் போலிருக்கே" என்று சொன்னாராம். அந்த மாமா போன வருஷம் காது கேட்கும் கருவி வாங்கியபோது அக்கா தானே கடைக்குக் கூட்டிப்போய் நல்ல கருவியாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தார். "இனிமே நான் பேசறது நல்லா கேக்கும் மாமா" என்றார். அதோ, கணவர் தலையாட்டுகிறார் பாருங்கள். நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

அவரிடம் இருந்தது வஞ்சம். நல்ல, சுத்தமான, வருஷக்கணக்கில் கெட்டுப்போகாத வஞ்சம். அதைப் புகழ்வதற்காகத்தான் இங்கே நிற்கிறேன். அடைக்கலம் தேடி இந்த நாட்டுக்கு வந்த எத்தனையோ பேர் இன்று உயிரோடிருப்பது அவருடைய அன்பினால் மட்டுமா? அன்பு காட்ட ஆயிரம் பேர் வந்தார்கள். போர்வை கொடுத்தார்கள், பிள்ளைகளுக்குப் பொம்மை கொடுத்தார்கள், போய்விட்டார்கள். வழக்கு முடிந்த பிறகும், தோற்றவர்கள் மறந்த பிறகும், ஜெயித்தவர்கள் மறந்த பிறகும் மறக்காமல் உட்கார்ந்திருந்தவர் ஒருவர்தானே?

எங்கள் அலுவலகத்துக்கு வந்தவர்களுக்குத் தெரியும். நீதிமன்றத்துக்கு எதிர்ச் சாரியில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே, இரண்டாவது மாடி. படியேறி வந்தால் ஒரு நீள பெஞ்சு, அதற்கப்பால் எங்கள் அறை. அந்த அறைக்குக் கதவு கிடையாது. நிலைக்கட்டையில் கீல்கள் மட்டும் துருப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். ஆரம்பத்தில் கதவு இருந்தது. ஒருநாள் ஒரு பெண், இன்னொரு நாட்டின் சிறையிலிருந்து தப்பி வந்தவர், அறைக்குள் வந்து உட்கார்ந்தார். வெளியே சத்தமாக இருக்கிறதே என்று நான் எழுந்து கதவைச் சாத்தினேன். அந்தப் பெண் நாற்காலியை விட்டு எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். மறுநாள் அக்கா தச்சரைக் கூப்பிட்டுக் கதவைக் கழற்றச் சொன்னார். "ரிப்பேராம்மா?" என்று தச்சர் கேட்டார். "இல்லப்பா, இந்த ரூமுக்கு வேண்டாம்" என்றார் அக்கா. கழற்றிய கதவு இன்றைக்கும் எங்கள் புத்தக அலமாரிக்குப் பின்னால்தான் இருக்கிறது.

அன்றிலிருந்துதான் அந்தப் பழக்கம் வந்தது. நாட்டை விட்டு ஓடிவந்தவர்களிடம் அதிகாரிகள் முதலில் கேட்பது தேதி. எந்தத் தேதியில் பிடித்தார்கள், எந்தத் தேதியில் அடித்தார்கள், எந்தத் தேதியில் தப்பினீர்கள்? அடி வாங்குகிறவன் நாட்காட்டி பார்த்துக்கொண்டா அடி வாங்குவான்? அக்கா தேதி கேட்கமாட்டார். "உங்களை வெச்சிருந்த ரூம் கதவு எப்படி இருந்தது?" என்று கேட்பார். தள்ளித் திறப்பதா, இழுத்துத் திறப்பதா? பூட்டு எந்தப் பக்கம்? திறக்கும்போது வெளிச்சம் எங்கே விழும்? தேதியைக் குழப்பியவர்கள் எல்லோரும் கதவைப் பற்றிச் சரியாகச் சொன்னார்கள். பொய்யாகக் கதை கட்டி வந்த ஒரு சிலர் தேதியைக் கச்சிதமாகச் சொல்லிவிட்டுக் கதவில் தடுமாறினார்கள். அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். "வாய் என்ன வேணா சொல்லும் தம்பி. கதவைத் தொட்ட கை மாத்திச் சொல்லாது" என்பார்.

இதைக் கேள்விப்பட்டுத் துறையில் அவருக்குக் கதவுக்காரம்மா என்று பெயர் வைத்தார்கள். கேலிக்கு வைத்த பெயர். அக்கா அதைக் கேட்டுச் சிரித்தார். வைத்தது யார் என்று மட்டும் விசாரித்துத் தெரிந்துகொண்டார்.

அவர் நடத்திய முதல் அகதி வழக்கு ஒரு பள்ளி ஆசிரியருடையது. இரண்டு விசாரணைகளில் இரண்டு வேறு தேதி சொன்னார் என்பதற்காக, 'இவர் நம்பத்தகுந்தவர் அல்ல' என்று தீர்ப்பாய உறுப்பினர் ஒருவர் ஒரே வரியில் எழுதினார். ஆசிரியரைத் திருப்பி அனுப்பினார்கள். எல்லையைத் தாண்டிய மறுவாரமே அவர் கொல்லப்பட்டார் என்று செய்தி வந்தது. அக்கா அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். அதற்குப் பிறகு அழவில்லை. தேதி மாறியதை மட்டும் வைத்து ஒருவரைப் பொய்யர் என்று சொல்லக்கூடாது என்று மேல் நீதிமன்றம் விதி வகுக்கும்வரை வழக்குமேல் வழக்காகப் போட்டார். பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. ஜெயித்த அன்று எல்லோரும் கை குலுக்கினார்கள்.

அதோடு விட்டாரா? அந்த உறுப்பினர் ஓய்வுபெற்ற நாளில் பாராட்டு விழா நடந்தது. "வாங்க தம்பி, போயிட்டு வரலாம்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். முன்வரிசையில் உட்கார்ந்தார். ஒவ்வொருவரும் அவரைப் புகழ்ந்தார்கள், மண்டபமே கை தட்டியது. அக்கா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நேராக அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தார். விழா முடிந்ததும் அவரே எங்களிடம் வந்தார். "ஏம்மா, இன்னும் கோவமா?" என்று கேட்டார்.

"கோவம் இல்லைங்க. ஞாபகம்" என்றார் அக்கா.

அந்த மனிதர் மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அப்படித்தான்.

வெளிநாட்டு மன்றங்களில் அவர் பெற்ற பெருமைகளைத் தலைவர் விரிவாகச் சொன்னார். நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன். சர்வதேச மனித உரிமைக் குழு ஒன்றின் முன்னால் நம் அரசின் பிரதிநிதி எழுந்து, யாரையும் அவர்கள் விருப்பத்துக்கு மாறாக நாங்கள் திருப்பி அனுப்பியதே இல்லை என்றார். அக்காவுக்குப் பேசக் கொடுத்தது இரண்டு நிமிடம். அவர் சட்டம் பேசவில்லை. "ஒரு பள்ளி ஆசிரியர். ஒரு பஸ் டிரைவர். ஒரு நர்ஸ். அந்த நர்ஸின் தம்பி. ஒரு ரொட்டிக் கடைக்காரர்" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களை ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போனார். நேரம் முடிந்ததும் மைக்கை அணைத்தார்கள். அவர் நிறுத்தவில்லை. மைக் இல்லாமலே சொன்னார். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெண் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு, வெளியே வந்து, அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அங்கிருந்தே உரக்க மொழிபெயர்த்தார். கூட்டத் தலைவர் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தார். கடைசி ஆள்வரை சொல்லிவிட்டுத்தான் அக்கா உட்கார்ந்தார்.

இப்போது நம் இயக்குநர் அவர்களிடம் வருகிறேன்.

வாசலில் ஒரு மலர்வளையம் இருக்கிறது. எல்லோரும் பார்த்திருப்பீர்கள், பார்க்காமல் உள்ளே வர முடியாது, அவ்வளவு பெரிது. அதில் 'என் ஆசிரியைக்கு' என்று எழுதியிருக்கிறது. அதில் பொய் இல்லை. எல்லை அதிகாரிகளுக்கு அக்கா அகதிச் சட்டம் பற்றி வகுப்பெடுத்த காலத்தில் இவர் இளம் அதிகாரி. முதல் பெஞ்சு. நன்றாகக் குறிப்பெடுப்பார். அக்கா அந்த வகுப்பை எப்போதும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார். "ஒருத்தரைச் சாவுக்குத் திருப்பி அனுப்பாதே. இதுதான் சட்டம். மத்ததெல்லாம் இதுக்கு அடிக்குறிப்பு." இவர் அதை எழுதி அடிக்கோடும் போட்டார். நான் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். ஆகவே சட்டம் தெரியாமல் செய்துவிட்டார் என்று யாரும் இவருக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

வகுப்பு முடிந்ததும் அக்காவையும் என்னையும் கூட்டிப்போய், அப்போதுதான் கட்டி முடித்திருந்த தடுப்பு மையத்தைச் சுற்றிக் காட்டியவரும் இவரே. புது வீட்டைக் காட்டுவதுபோல் காட்டினார். "பாருங்க மேடம், ரூம் கதவெல்லாம் வெளிப்பக்கமாத்தான் திறக்கும். உள்ளே போறவங்க இழுத்துத் திறக்கணும். உள்பக்கம் திறக்கற மாதிரி வெச்சா, உள்ளே இருக்கறவன் கட்டிலை நகர்த்தி அடைச்சுக்குவான்" என்று இழுத்துக் காட்டினார். "அதோ அந்தக் காத்திருப்புக் கூடத்துக் கதவு மட்டும் உள்பக்கம் தள்ளணும். அது வந்து போறவங்களுக்கு" என்றார். அக்கா தலையாட்டிக்கொண்டார். எனக்கு அன்று கால் வலித்தது, அதற்கு மேல் நான் எதையும் யோசிக்கவில்லை.

வருஷங்கள் போயின. இவர் இயக்குநரானார். தையற்காரர் ஒருவர் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் இந்த நாட்டுக்குத் தஞ்சம் கேட்டு வந்தார். இந்த மண்டபத்தில் கறுப்பு அங்கியோடு உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருடைய அங்கி அவர் தைத்ததுதான். குனிந்து தோளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவரைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று அக்கா நீதிமன்றத்தில் தடை உத்தரவு வாங்கினார். உத்தரவு வந்த பிறகும் அவரைப் பிடித்துக்கொண்டு போய் எல்லையில் ஒப்படைத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் ஒரு தாளைக் காட்டினார்கள். 'என் சொந்த விருப்பத்தின்பேரில் ஊர் திரும்புகிறேன்' என்று எழுதி, கீழே தையற்காரரின் கையெழுத்து. அதன் பிறகு அவரிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. போன் வரவில்லை. பார்த்தோம் என்று சொல்ல ஒருவர்கூட வரவில்லை.

இதோடு முடிந்ததா? கணவன் தானாகவே திரும்பிப் போனான் என்றால் அந்த ஊரில் ஆபத்து இல்லை என்றுதானே பொருள், ஆகவே மனைவியையும் பிள்ளைகளையும் அனுப்பலாம் என்று துறை மனுப் போட்டது. ஒரே தாள். அந்த ஒரு தாளால் ஒருவரை அனுப்பியாகிவிட்டது, அதே தாளால் மூன்று பேரை அனுப்பப் பார்த்தார்கள். அந்த மூன்று பேர்தான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இயக்குநர் அவர்களே, திரும்பிப் பாருங்கள். வேண்டாமா? சரி.

இயக்குநர் மீது அக்கா நீதிமன்ற அவமதிப்பு வழக்குத் தொடுத்தார். தையற்காரர் மனைவியின் வழக்கும் அதுவும் ஒன்றாகவே விசாரிக்கப்பட்டன. போன மாதம் இயக்குநர் சாட்சிக் கூண்டில் ஏறினார். தையற்காரர் தடுப்பு மையத்தில் எந்த அறையிலும் அடைக்கப்படவில்லை என்றார். காத்திருப்புக் கூடத்தில் சுதந்திரமாக உட்கார்ந்திருந்தார், நானே நேரில் போய்த் தாளைக் கொடுத்தேன், படித்துப் பார்த்துச் சிரித்த முகத்தோடு கையெழுத்துப் போட்டார் என்றார். எங்கள் முறை வந்தது. மூன்று நாள் உட்கார்ந்து நான் கேள்விகள் எழுதி வைத்திருந்தேன். அக்கா அந்தக் கட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து நின்றார்.

"தாளைக் கொடுக்க உள்ளே போனீங்களே, கதவைத் தள்ளினீங்களா, இழுத்தீங்களா?"

அரசு வக்கீல் சிரித்தார். இயக்குநரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வலது கையை நீட்டி இழுத்துக் காட்டினார். "இழுத்தேன் மேடம். இடது கையில பேப்பர் இருந்தது. வலது கையால இழுத்தேன்" என்றார்.

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"நேத்து நடந்த மாதிரி இருக்கு மேடம்."

"நன்றி. வேற கேள்வி இல்லை" என்று அக்கா உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வராந்தாவில் இயக்குநர் தன் ஆட்களிடம், "அம்மாவுக்கு வயசாயிடுச்சு. பாவம், கேக்க வேற கேள்வியே இல்லை" என்றார். நாங்கள் தூண் மறைவில் லிஃப்டுக்கு நின்றுகொண்டிருந்தோம், இருவர் காதிலும் விழுந்தது. காரில் ஏறியதும் நான் பொரிந்து தள்ளினேன். "என்னக்கா இது? ராத்திரி பகலா எழுதினேன். ஒரே கேள்வி கேட்டுட்டு உக்காந்துட்டீங்க. ஊரே சிரிக்குது."

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார். "ஏன் தம்பி, அந்தக் கட்டடத்தை நாம சுத்திப் பாத்தோமே. சுத்திக் காமிச்சது யாரு?"

அவ்வளவுதான் கேட்டார். பெரியோர்களே, கார் அடுத்த சிக்னலைத் தாண்டுவதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காத்திருப்புக் கூடத்துக் கதவைத் தள்ளத்தான் முடியும். இழுத்துத் திறக்கும் கதவு பூட்டிய அறைகளுக்குத்தான் உண்டு. இடத்தைப் பற்றி இவர் பொய் சொன்னார். ஆனால் நடந்ததை நினைத்துக்கொண்டு பதில் சொன்னார். அந்த வலது கை அவர் உண்மையில் எந்தக் கதவை இழுத்ததோ அதையே நீதிமன்றத்தில் இழுத்துக் காட்டியது. அதுவும் எந்தக் கை? பல வருஷத்துக்கு முன்னால் எங்களுக்குப் பெருமையாக இழுத்துக் காட்டிய அதே கை.

தலைவர் என்னைப் பார்க்கிறார். நடக்கும் வழக்கைப் பற்றி மேடையில் பேசலாமா என்று அவருக்குக் கவலை. நான் இதுவரை சொன்னதில் வழக்கைப் பற்றியது அனைத்தும் திறந்த நீதிமன்றத்தில் நடந்தது, பதிவில் இருப்பது. இனிச் சொல்லப் போவதும் அப்படித்தான். நீதிபதி நேரில் வந்து இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அக்கா மனுக் கொடுத்தார், அது ஏற்கப்பட்டது. அந்த வாரமே அவருக்கு நெஞ்சு வலி வந்தது. அவர் போன பிறகு, முந்தாநாள், நீதிபதி தடுப்பு மையத்துக்கு வந்தார். நான் போனேன், அரசு வக்கீல் வந்தார். சாட்சி சொன்னவர் என்பதால் இயக்குநரை நீதிபதி உள்ளே அனுமதிக்கவில்லை. காத்திருப்புக் கூடத்து வாசலில் நின்று நீதிபதி தன் கையாலேயே கதவை இழுத்தார். வரவில்லை. இன்னொரு முறை இழுத்தார். பிறகு லேசாகத் தள்ளினார், திறந்துகொண்டது. அடுத்து வராந்தாவில் நடந்து ஒவ்வொரு அறைக் கதவையும் இழுத்துத் திறந்து பார்த்தார். கட்டிய நாளிலிருந்து எந்தக் கதவையும் மாற்றவில்லை என்று மையத்தின் கண்காணிப்பாளர் அங்கேயே எழுதிக் கொடுத்தார். அரசு வக்கீலுக்கு வியர்த்திருந்தது. அவர் அன்று சிரிக்கவில்லை.

இயக்குநர் அவர்களே, உங்கள் வக்கீல் உங்களிடம் சொன்னாரா? சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் இன்று காலையில் எனக்கு நீங்கள் போன் செய்தீர்கள். "சார், ரொம்ப வருத்தமா இருக்கு. அம்மாவுக்கு மரியாதையா கேஸை ஒரு மூணு மாசம் தள்ளி வெச்சுக்கலாமே" என்றீர்கள். உங்கள் துக்கத்துக்கு எவ்வளவு சரியாகக் கணக்குப் போடத் தெரிந்திருக்கிறது!

நண்பர்களே, இனிமேல் உங்களிடம் பேசுகிறேன். தையற்காரர் மனைவியையும் பிள்ளைகளையும் அனுப்பக்கூடாது என்ற இடைக்கால உத்தரவு வரும் வியாழக்கிழமை வரைதான். வியாழக்கிழமை வழக்கு எடுக்கப்பட்டால் வாதம் முடியும். எடுக்கப்படாவிட்டால் உத்தரவு தீர்ந்துவிடும். தீர்ந்த மறுநாள் காலையில் வண்டி வந்து நிற்கும். தையற்காரருக்கு அப்படித்தான் நின்றது, உத்தரவு இருந்தபோதே நின்றது.

நம் தலைவர் கையில் ஒரு தீர்மானம் இருக்கிறது. மறைந்த நம் அக்காவுக்கு மரியாதை செலுத்த, வியாழக்கிழமை எல்லா வழக்கறிஞர்களும் நீதிமன்றப் பணியைத் தவிர்ப்பது என்று. நல்ல எண்ணத்தில் எழுதியதுதான். நம்மவர் ஒருவர் போனால் ஒருநாள் நீதிமன்றத்துக்குப் போகாமல் இருப்பது நம் வழக்கம். எத்தனை பேருக்குச் செய்திருக்கிறோம். அதே மரியாதையை அக்காவுக்குச் செய்தால் என்ன ஆகும்? அவர் செத்ததற்கு நாம் காட்டும் மரியாதை அந்த மூன்று பேரை எல்லையில் கொண்டுபோய் விடும். வேறு ஏதாவது ஒரு நாள் வையுங்கள் என்று நான் கேட்டபோது, இயக்குநரும் வியாழக்கிழமைதான் பொருத்தம் என்று சொன்னார் என்று தலைவர் வெள்ளந்தியாகச் சொன்னார். தலைவர் அவர்களே, உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. உங்களுக்கு யார் போன் செய்தது என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் அக்கா என்னிடம் கடைசியாகப் பேசியது எதைப் பற்றி என்று பலர் கேட்டீர்கள். ஏதோ பெரிய வாசகம் இருக்கும் என்று எதிர்பார்த்தீர்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள், அவளும் கேட்டாள். அக்கா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "தம்பி, நான் போயிட்டா கோர்ட்ல என்னைப் பத்தி எதுவும் பேசிடாதீங்க. அனுதாபப்பட்டு தள்ளி வெச்சுடுவாங்க."

"அப்படியெல்லாம் பேசாதீங்கக்கா" என்றேன்.

"பேசுவேன். நீங்க இளகிடுவீங்க, எனக்குத் தெரியும். எனக்கு யாரும் ஒரு நிமிஷம்கூட எழுந்து நிக்க வேண்டாம். அந்தாளு கூண்டுல நின்னது போதும்" என்றார். அதற்குப் பிறகு தண்ணீர் கேட்டார். மகள் கொடுத்தாள்.

அவருடைய அந்த ஆசையில் பாதியை நாம் ஏற்கெனவே மீறிவிட்டோம். சற்று முன்னால் எல்லோரும் எழுந்து நின்றோம். இயக்குநரும் நின்றார், நமக்கெல்லாம் ஒரு கணம் அதிகமாகவே நின்றார். மீதிப் பாதியையாவது காப்பாற்றுவோம். வியாழக்கிழமை நான் நீதிமன்றத்துக்குப் போகிறேன். கறுப்புப் பட்டை கட்டிக்கொள்ளமாட்டேன். அழமாட்டேன். அக்கா போய்விட்டார் என்று நீதிபதியிடம் சொல்லமாட்டேன். எதிர்த் தரப்பு அனுதாபம் தெரிவிக்க எழுந்தால், ஆட்சேபம் தெரிவிப்பேன். கதவைப் பற்றி மட்டும் பேசுவேன். என்னோடு வியாழக்கிழமை பணிக்கு வருகிறவர்கள், தீர்மானம் வேண்டாம் என்கிறவர்கள், கையைத் தூக்குங்கள்.

இளையவர்கள் எல்லோரும் தூக்கிவிட்டார்கள். பின்வரிசையிலும் தூக்கியிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற உறுப்பினர்களே, உங்களுக்கு வழக்கு இல்லை, ஆனாலும் தூக்கலாம். நன்றி. தங்கையே, நீங்கள் தூக்க வேண்டாம், பிள்ளையை மடியில் வைத்திருக்கிறீர்கள். தலைவரும் தூக்கிவிட்டார். அந்தத் தாளை அவர் மடித்துப் பையில் வைத்துக்கொள்வதை எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணியைத் தொடர்வோம் என்று உறுதிமொழி சொல்லி முடிப்பது இப்படிப்பட்ட கூட்டங்களின் முறை. நானும் சொல்கிறேன். மூன்று பேரையும் இந்த நாட்டில் வைத்திருப்பது முதல் வேலை. தையற்காரர் எங்கே என்று அந்த நாட்டிடமும் எல்லா மன்றங்களிலும் கேட்டுக்கொண்டே இருப்பது இரண்டாவது. அதன் பிறகு ஒரு வேலை இருக்கிறது. இயக்குநர் அவர்களே, நீங்கள் பதவி உயர்வு பெறலாம், ஓய்வு பெறலாம், உங்களுக்கும் ஒருநாள் பாராட்டு விழா நடக்கலாம். எங்கே நடந்தாலும் முன்வரிசையில் ஒரு நாற்காலி எனக்குப் போட்டு வையுங்கள். எனக்கு முடியாமல் போனால் இதோ இந்த இளையவர்களில் ஒருவர் வருவார். கை தட்டமாட்டார்கள். உங்கள்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. என்ன இருக்கிறது என்பதை அக்கா ஏற்கெனவே ஒருவரிடம் சொல்லிவிட்டார்.

எனக்குப் பின் பேச இயக்குநரை அழைப்பதாக நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தது. அவர் எழுந்துவிட்டார். மேடைப் பக்கம் வருவார் என்று நினைத்தேன், வாசல் பக்கம் போகிறார். வழியில் நிற்கிறவர்கள் தயவுசெய்து விலகி வழி விடுங்கள். யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம். ஐயா, நிதானமாகப் போங்கள். இது மண்டபம், இரண்டு பக்கக் கதவும் காலையிலிருந்து திறந்தே கிடக்கிறது, நீங்கள் தள்ளவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். நீதிமன்ற உத்தரவை மீறியவரை நீதிமன்றம் எந்தப் பூட்டிய அறைக்கு அனுப்பும் என்பது உங்கள் முதல் பெஞ்சுக் குறிப்பில் இருக்கும். அந்த அறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதையும், ஏன் அப்படி வைத்தார்கள் என்பதையும் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே நீங்கள்தான்.